ஆட்டுக் காதுத் தோல் வழியா 6 மணி நேரத்துல 60 சதவீதம் டைக்ளோஃபெனாக் போகுமா?

எம்ஃபார்ம்_தாம்பரம்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் ஃபார்மசூட்டிக்ஸ் ரெண்டாம் வருஷம், தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ். ப்ராஜெக்ட் வலி ஜெல், கடை ஜெல்லைவிட நல்லா தோல் வழியா போகுதான்னு பார்க்கணும். வலி மருந்து டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம், ஜெல்லைக் கெட்டியாக்க கார்போபால் பேஸ்.

ஃபிரான்ஸ் செல்லுல (மேல மருந்து, நடுவுல தோல், கீழ திரவம் இருக்கற கண்ணாடிப் பாத்திரம்) டிஃப்யூஷன் ஸ்டடி ஓடிட்டு இருக்கு. செல் வாய் 2 செ.மீ. விட்டம், ரிசப்டர்ங்கற கீழ் அறை 20 மி.லி., பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபர், 37 டிகிரி. மேல 1 கிராம் ஜெல். மணிக்கு ஒரு தடவை 1 மி.லி. எடுத்து யு.வி.ல 276 நானோமீட்டர்ல பார்க்கறேன்.

மெம்பிரேனுக்கு வேளச்சேரி மட்டன் கடையில ஆட்டுக் காது வாங்கறோம். கடைக்காரர் தலையோட சேர்த்து வாட்டி, சுரண்டி, சுத்தமா தர்றார். முடி ஒண்ணுமே இருக்காது. குருத்தெலும்பை எடுத்துட்டுத் தோலை மட்டும் ஃப்ரீசர்ல வெச்சுக்கறோம்.

ரிசல்ட்: 6 மணி நேரத்துல சராசரி 60 சதவீதம் ரிசப்டருக்கு வந்துடுது. 20 மடங்கு டைல்யூட் பண்ணினாதான் அளக்கவே முடியுது. ஆனா ஒரு செல்லுல 38, பக்கத்துலயே இன்னொண்ணுல 71. மருந்தே இல்லாத வெறும் ஜெல் வெச்ச செல்லுலயும் டைல்யூட் பண்ணாம பார்த்தா 0.3 அப்ஸார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல்) காட்டுது. என் கேலிபரேஷன்ல மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் மருந்துக்கு 0.34.

கைடு சார் கர்வ் நல்லா இருக்கு, ஹிகுச்சி மாடல் (மருந்து வெளியில வர்ற வேகத்துக்கான சமன்பாடு) போட்டு எழுதிடுன்னு சொல்றார். எனக்கு வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். ஆட்டுத் தோல் சரியா, பன்றிக் காது போடணுமா? எதிக்ஸ் பர்மிஷன் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


டேப்லெட்_தம்பி:

காதும் வேணாம் மூக்கும் வேணாம். டயாலிசிஸ் மெம்பிரேன் ராத்திரி ஊறவெச்சு காலைல போடுங்க. அஞ்சு செல்லும் அச்சு அசலா ஒரே மாதிரி வரும். எங்க பேட்ச் மொத்தமும் அதுலதான் முடிச்சோம். எக்ஸ்டர்னல் பிரியாணி எப்போ வரும்னுதான் கேட்டார்.


கண்ணாடிசெல்:

தம்பி சொன்னதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்தப் பொண்ணு சொன்ன 60 சதவீதம்.

1 கிராம் ஜெல்லுல மருந்து 11.6 மி.கி. அதுல 60 சதவீதம்னா கிட்டத்தட்ட 7 மி.கி. 2 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆறு மணி நேரத்தால வகுத்தா, மணிக்கு ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 370 மைக்ரோகிராம். மேலடுக்கு முழுசா இருக்கற எந்தத் தோலும் இந்த ஜெல்லுலேருந்து டைக்ளோஃபெனாக்கை அந்த வேகத்துல விடாது. மனுஷங்க மேல 2.5 கிராம் ஜெல்லை 500 சதுர செ.மீ.க்குத் தேய்ச்சா உள்ள போறது சுமார் 6 சதவீதம்னு மருந்துக் குறிப்புலயே இருக்கும். அது சதுர செ.மீ.க்கு வெறும் 5 மி.கி. ஜெல். நீங்க வெச்சது 300 மி.கி.க்கு மேல. மெல்லிசா தேய்ச்சப்பவே 6 தான்னா, குவிச்சு வெச்சா சதவீதம் இன்னும் கீழ போகணும். தோலைத் தொடற அடிப்பகுதிதான் வேலை செய்யும். மேல இருக்கற ஜெல் சும்மா உட்கார்ந்திருக்கும், ஆனா சதவீதக் கணக்குல வகுக்கும்போது அதுவும் கீழ வந்து சேரும். அதனால 60ங்கறது சந்தோஷப்படற எண் இல்லம்மா. செல்லுல நடுவுல ஏதோ இருக்கு, ஆனா அது தடுக்கற வேலையைச் செய்யலன்னு சொல்ற எண்.

ஏன் தடுக்கல? பதில் உங்க பதிவுலயே இருக்கு. "வாட்டி, சுரண்டி, சுத்தமா."

தோல்ல மருந்தை நிறுத்தறது பெரும்பாலும் மேல இருக்கற ஸ்ட்ராட்டம் கார்னியம் ஒண்ணுதான். மனுஷனுக்கு உடம்புல பல இடத்துல அது 10லேருந்து 20 மைக்ரான். செத்துப்போன தட்டை செல்கள், அதுங்களுக்கு நடுவுல செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் அடுக்கடுக்கா. அதுக்குக் கீழ மில்லிமீட்டர் கணக்குல டெர்மிஸ்ங்கற உள்தோல் இருந்தாலும் அது தண்ணியில ஊறின கொலாஜன். டைக்ளோஃபெனாக் மாதிரி சின்ன மூலக்கூறு அதுல கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

லேப்ல எபிடெர்மிஸை, அதாவது மேல்தோலை மட்டும் தனியா எடுக்கணும்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? 60 டிகிரி தண்ணியில ஒரு நிமிஷம் முக்குவோம். வெளியில எடுத்து ஃபோர்செப்ஸால ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா மேல்தோல் தாளா உரிஞ்சு வந்துடும். வெறும் 60 டிகிரி, ஒரு நிமிஷம். கடைக்காரர் கேஸ் பர்னர் தீயில வாட்டறார், அப்புறம் கத்தி வெச்சுச் சுரண்டறார். சமையலுக்கு அதுதான் சரி. உங்க கைக்கு வர்றப்போ அந்தக் காதுல எபிடெர்மிஸ் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருந்தா அதிர்ஷ்டம். ஒரு செல்லுல 38, இன்னொண்ணுல 71 வர்றதுக்கும் காரணம் இதேதான்: கத்தி எங்க ஆழமா பட்டுச்சோ அந்தத் துண்டுல அதிகம்.

பன்றிக் காதுலயும் இதே பொறிதான். பன்றியை வெட்டினதும் முடி எடுக்கறதுக்காகச் சுடுதண்ணியில போடுவாங்க, இல்லன்னா தீயில காட்டுவாங்க. தோல் பரிசோதனை பண்றவங்க எழுதற கட்டுரையெல்லாம் எடுத்துப் பாருங்க, "சுடுதண்ணியில முக்கறதுக்கு முன்னாடி எடுத்த காது"ன்னு தனியா குறிச்சிருப்பாங்க. ஆடா பன்றியாங்கற சண்டைக்கு முன்னாடி, தீயும் சுடுதண்ணியும் படாததாங்கறதுதான் கேள்வி.

அடுத்தது அந்த 0.3. இப்போதைக்கு அது உங்களைக் கெடுக்கல. நீங்க 20 மடங்கு டைல்யூட் பண்றீங்க, 0.3ங்கறது 0.015 ஆயிடும். ஆனா நல்ல தோல் கிடைச்சதும் இது தலைவலி ஆகும். பேச்சுக்கு, உண்மையான வேகம் மணிக்கு சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோகிராம்னு வைங்க. 6 மணி நேரத்துல 20 மி.லி.ல ஒரு மி.லி.க்கு 9 மைக்ரோகிராம் சொச்சம். உங்க கேலிபரேஷன்படி அது 0.32. வெறும் தோலே 0.3 குடுக்குது! பாதிக்குப் பாதி பொய் எண். தோல்லேருந்து கசியற புரதத்துல டிரிப்டோஃபேன், டைரோசின்ங்கற அமினோ அமிலங்கள் இருக்கு, அது 280 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், டைக்ளோஃபெனாக் 276. ரெண்டும் ஒரே வீட்டு வாசல்ல நிக்குதுங்க. தோலை மாட்டினதும் வெறும் பஃபரோட ஒரு மணி நேரம் விட்டு, அந்தப் பஃபரைக் கொட்டிட்டுப் புதுசு நிரப்புங்க. வெறும் ஜெல் செல் ஒண்ணு ஒவ்வொரு ஓட்டத்துலயும் கூடவே ஓடணும். முடிஞ்சா மருந்தைத் தனியா பிரிச்சு அளக்கற எச்.பி.எல்.சி. மெஷினுக்குப் போங்க. உங்க காலேஜ்ல மெஷின் பூட்டியே இருந்தா, அனாலிசிஸ் டிபார்ட்மென்ட் லேப் அசிஸ்டென்ட்கிட்ட தன்மையா பேசிப் பாருங்க. பிரின்சிபாலைவிட அவர்கிட்டதான் சாவி இருக்கும்.

இப்போ தம்பிக்கு. டயாலிசிஸ் மெம்பிரேன் 12,000லேருந்து 14,000 டால்டன் (மூலக்கூறு எடை) வரைக்கும் விடும். டைக்ளோஃபெனாக் 296. மீன் வலையில தண்ணி நிக்குமா? அஞ்சு செல்லும் ஒரே மாதிரி வருதுன்னா அது ஜெல்லோட குணம்தான் வருது, ஜெல் எவ்வளவு சீக்கிரம் மருந்தைக் கையை விட்டு விடுதுங்கற குணம். அதுக்கு "ரிலீஸ்"னு தலைப்பு போட்டு எழுதினா நூத்துக்கு நூறு சரி. தோலைத் தாண்டிப் போச்சுங்கற அர்த்தத்துல "பெர்மியேஷன்"னு போட்டாதான் தப்பு. முட்டைக்குள்ள இருக்கற சவ்வைப் போடறவங்களுக்கும் இதே பதில்தான்; அதுலயும் அந்தக் கொழுப்பு அடுக்கு கிடையாது.

இன்னொண்ணு: பஃபர் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்ததா? குளிர்ந்த பஃபர் செல்லுல சூடாகும்போது கரைஞ்ச காத்து வெளியில வந்து தோலுக்கு அடியில குமிழியா ஒட்டிக்கும். அந்த இடத்துல மருந்து இறங்காது. பஃபரைச் சூடுபண்ணி, சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வு குடுக்கற கருவி) வெச்சுக் காத்தை எடுத்துட்டு நிரப்புங்க. நிரப்பினதும் செல்லைச் சாய்ச்சு, சாம்பிள் குழாய் வழியா குமிழியை வெளியேத்துங்க. சாம்பிள் எடுக்கறப்பல்லாம் குனிஞ்சு அடியில பாருங்க.


பெரியமேடு_தோல்மண்டி:

நான் மருந்து ஆள் இல்ல. தாத்தா காலத்துலேருந்து ஆட்டுத்தோல் வியாபாரம். இந்தப் பேச்சைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா மேடம் காப்பாத்தச் சொல்ற அந்த மேல்தோலைத்தான் நாங்க முதல் வேலையா கழிச்சுக் கட்டறோம். பச்சைத் தோலை ஊறவெச்சு, சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு போட்டுத் தொட்டியில விட்டா முடியும் மேல்தோலும் சேர்ந்து வழிஞ்சுடும். அப்புறம் சதைப்பக்கம் வழிப்போம். மிச்சம் நிக்கறதுதான் லெதர். அடையாறு சி.எல்.ஆர்.ஐ.ல (மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்) சல்பைடு இல்லாம என்சைம் வெச்சு முடி எடுக்கறதுக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதுலயும் மேல்தோல் போறது போறதுதான்.

அதனால பாப்பா, மண்டிக்கு வந்து தோல் கேட்காதே. எங்ககிட்ட வர்றது உப்புத் தோல். உப்பு போட்டு அடுக்கி வெச்சுத் தண்ணி இழுத்ததை நீ செல்லுல மாட்டறதுல அர்த்தம் இல்ல.

ஆடு வெட்டற இடத்துக்கே போ: புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி, இல்லன்னா சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டி. விடியக்காலையில போகணும். வெயில் ஏறினதும் போனா எல்லாம் கடைகளுக்குப் போயிருக்கும். அங்க தோல் வாங்கறவர் வேற, தலை கால் வாங்கறவர் வேற. காது தலையோட போகும், அதனால தலை வியாபாரிகிட்ட பேசு. "வாட்டாத காது, அடியோட அறுத்துக் குடுங்க"ன்னு கேளு. ஒரு லெட்டர்ஹெட் கடிதம் கையில இருந்தா நல்லது, காலேஜ் பொண்ணு எதுக்குக் காது கேட்குதுன்னு பத்துப் பேர் சூழ்ந்துக்குவாங்க.

தோல் பார்க்கற கண்ணு ஒண்ணு சொல்லித் தர்றேன். நாங்க தரம் பிரிக்கும்போது தேடறது உண்ணி கடிச்ச புள்ளி, அம்மைத் தழும்பு, முள் கீறல், சிரங்கு. முடி இருக்கறப்போ ஒண்ணும் தெரியாது. முடியை ஒட்ட வெட்டிட்டு, சதைப்பக்கத்துலேருந்து வெளிச்சம் வர்ற மாதிரி தூக்கிப் பிடிச்சுப் பாரு. காதுல உண்ணிக் கடி ரொம்ப சகஜம், மந்தையில மேயற ஆடுன்னா கேட்கவே வேணாம். ஆட்டுக்காரங்க அடையாளத்துக்குக் காதுல ஓட்டையோ வெட்டோ போட்டிருப்பாங்க, அந்தக் காதை வாங்காதே. எங்களுக்கு ஒரு புள்ளி இருந்தா விலைதான் குறையும். மேடம் சொல்றதைப் பார்த்தா உனக்குக் கணக்கே மாறிடும்போல.


எம்ஃபார்ம்_தாம்பரம்:

மேடம், பாய், ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இதுவரைக்கும் இதை யாரும் இப்படிச் சொல்லல.

சில டவுட்டு. வாட்டாத காதுன்னா முடி நிறைய இருக்குமே, ரேசர் போடலாமா, இல்ல முடி எடுக்கற க்ரீமா? தோல் நல்லா இருக்கான்னு மருந்து வைக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி உண்டா? எங்க லேப் நாலரைக்குப் பூட்டிடுவாங்க, 6 மணி நேரம் போதுமா? அப்புறம் எதிக்ஸ். ஜூனியர் ஒருத்தி எலித் தோல்தான் ஸ்டாண்டர்டுன்னு சொல்றா.


கண்ணாடிசெல்:

பாய் சொன்ன வெளிச்ச டெஸ்ட்டை நான் ஆர் அண்ட் டி.ல இருந்த காலத்துல யாராவது சொல்லியிருந்தா எத்தனையோ செல் மிச்சமாயிருக்கும். அதை அப்படியே செய்யுங்க.

முடி: ரேசரும் வேணாம், க்ரீமும் வேணாம். ரேசர் மேலடுக்கைச் சீவும். க்ரீம்ல இருக்கற தயோகிளைகோலேட் கெராட்டினைக் கரைக்கறதுக்காகவே போட்டது, முடியோட நிறுத்திக்காது. தாடி ட்ரிம்மர், ஒட்டாம ஒரு மில்லிமீட்டர் விட்டு. காதோட வெளிப்பக்கத் தோலை எடுங்க, உள்பக்கம் வேணாம். குருத்தெலும்புலேருந்து பிரிக்கும்போது ஸ்கால்பெல் முனை குருத்தெலும்பைப் பார்த்து இருக்கணும், தோலைப் பார்த்து இல்ல. கொழுப்பைச் சுரண்டி எடுத்துட்டுப் பஃபர்ல அலசுங்க. அன்னிக்கே போடலன்னா அலுமினியம் ஃபாயில்ல தட்டையா சுத்தி, காத்து போகாத கவர்ல மைனஸ் 20. ஒரு தடவைதான் உருக்கணும். மறுபடி உறைய வெச்சதைப் போடாதீங்க. சேம்பிளும் ஐஸ்க்ரீமும் ஒண்ணா வைக்கற வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானா உருகி உருகி உறையற ஃப்ரீசரும் வேணாம்.

உறைய வெச்சா தோல்ல இருக்கற என்சைம் போயிடும். டைக்ளோஃபெனாக்குக்கு அது பெரிசா பாதிக்காது. எஸ்டர் மாதிரி தோல்லயே உடையற மருந்துன்னா உறையவெச்ச தோலை நம்பக் கூடாது, அங்க புதுசுதான்.

தோல் நல்லா இருக்கான்னு பார்க்கறது: பெரிய லேப்ல கதிரியக்க டிரிட்டியம் தண்ணி எவ்வளவு கசியுதுன்னு அளப்பாங்க, இல்ல தோல்லேருந்து ஆவியாகற ஈரத்தை அளப்பாங்க. உங்களுக்கு நடக்கக்கூடியது மின்தடை. மேலயும் கீழயும் பஃபர் நிரப்பி, ரெண்டு பக்கமும் எலெக்ட்ரோடு விட்டு, எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கற, மாத்துமின்சாரத்துல தடையை அளக்கற எல்.சி.ஆர். மீட்டரை மாட்டுங்க. சாதா மல்டிமீட்டர் வேணாம், அது நேர்மின்சாரம் விடும், எலெக்ட்ரோடு மேல பதிஞ்சு எண் ஓடிட்டே இருக்கும். மாத்துமின்சாரம், குறைஞ்ச அதிர்வெண், எல்லாத் துண்டுக்கும் ஒரே அமைப்பு. மனிதத் தோலுக்குச் சொல்ற வரம்பை ஆட்டுக்கு அப்படியே தூக்கிப் போடாதீங்க. பத்துப் பதினஞ்சு நல்ல துண்டு அளந்தா உங்க ஆட்டுக்கான வழக்கம் எதுன்னு தெரியும். வேணும்னே ஊசியால குத்தின துண்டும், வாட்டின காதும் கூட அளந்து பாருங்க. அந்த மூணும் ஒரே படத்துல இருந்தா எக்ஸ்டர்னல் அடுத்த கேள்விக்கு வர மாட்டார். சோதனை முடிஞ்சதும் சந்தேகமான செல்லுல மெத்திலீன் ப்ளூ ஊத்திப் பார்த்தா ஓட்டை நீலமா நிக்கும்.

நேரம்: தோல் உறிஞ்சலுக்கான சர்வதேசச் சோதனை வழிகாட்டி ஓ.இ.சி.டி. 428, 2004ல வந்தது, 24 மணி நேரத்தைத்தான் வழக்கமான அளவா எடுத்துக்குது. முழுக் கனத் தோல்ல முதல் சில மணி நேரம் மருந்து தோலை நிரப்பவே போயிடும். உங்க 6 மணி நேரம் மொத்தமும் அந்தத் தாமதத்துக்குள்ளேயே முடிஞ்சுடலாம். தோலை மெல்லிசா சீவற டெர்மடோம் கருவி இருந்தா 200லேருந்து 400 மைக்ரானுக்குச் சீவிக்கலாம், பெரும்பாலான காலேஜ்ல இருக்காது. அப்போ 60 டிகிரி முறையில எபிடெர்மிஸை மட்டும் உரிச்சுப் போடறது ஒரு வழி. ஆனா முடி இருக்கற காதுல முடிக்குழி உரியும்போது கிழியும், கை பழகணும். உங்க நிலைமையில ராத்திரிக்கு அனுமதி வாங்கறதுதான் சுலபம். காலைல ஆட்டுத்தொட்டி, மதியம் மாட்டல், மறுநாள் மதியம் வரைக்கும் சாம்பிள். செல்லைச் சுத்தி ஓடற தண்ணி 37 டிகிரில இருந்தா தோலோட மேல்பக்கம் சுமார் 32க்கு வரணும். மே மாசம் ஏ.சி. இல்லாத லேப்ல 35ல நிக்கும், அதையும் தெர்மாமீட்டர் வெச்சுக் குறிச்சுக்கோங்க.

எதிக்ஸ்: விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ன் கீழ இருக்கற குழு பார்க்கறது பரிசோதனைக்காக விலங்கைப் பயன்படுத்தறதை. இறைச்சிக்கு வெட்டின ஆட்டோட காது அதுக்குள்ள வராதுன்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க. இருந்தாலும் உங்க காலேஜ் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு பக்கத்துல எழுதி, "அனுமதி தேவையில்லை"ன்னு பதில் வாங்கி தீசிஸ்ல பின்னிணைப்பா வைங்க. எலின்னா கதை வேற, இந்த வேலைக்காகவே கொல்றது, முழு அனுமதி வேணும். அவ்வளவு பாடுபட்டும் எலித் தோல் மனிதத் தோலைவிட அதிகமா விடும், முடிக்குழியும் நெருக்கம். ஸ்டாண்டர்டுன்னு யார் சொன்னாங்களோ அவங்களுக்கு எலி கைக்கு எட்டற தூரத்துல இருந்திருக்கும்.

மனிதத் தோலுக்குக் கிட்ட வர்றது பன்றிக் காதுதான். மேலடுக்கு இருபது மைக்ரான் சொச்சம், முடி சதுர செ.மீ.க்கு இருபது அளவுல, கொழுப்பு அமைப்பும் நெருக்கம். காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையத்துல பன்றிப் பண்ணை இருக்கு, டிபார்ட்மென்ட் மூலமா கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்க. கிடைக்கலன்னா ஆட்டுலயே முடியுங்க. உங்க கேள்வி "என் ஜெல் கடை ஜெல்லைவிட நல்லா போகுதா"ங்கறதுதானே? அதுக்கு ஆடு போதும். ஒரே ஆட்டோட வலது காதுல உங்க ஜெல், இடது காதுல கடை ஜெல். ஆட்டுக்கு ஆடு இருக்கற வித்தியாசம் அதுலயே அடிபட்டுப் போகும். தலை வியாபாரிகிட்ட ஜோடி ஜோடியா கட்டித் தரச் சொல்லுங்க.


கிண்டி_வாக்கிங்:

நடுவுல ஒரு சந்தேகம். பாம்புச் சட்டையில கூட இப்படி மருந்து டெஸ்ட் பண்ணுவாங்கன்னு எங்கயோ படிச்சேன். நிஜமா? கிண்டி பாம்புப் பண்ணையில பாம்பு உரிச்ச சட்டை நிறைய இருக்குமே, எந்த உயிரையும் கொல்ல வேணாம்.


கண்ணாடிசெல்:

நிஜம்தான் சார். 1990ல அமெரிக்கக் கருஞ்சாரையோட சட்டையை வெச்சுப் பல சேர்மங்களை ஓட்டிப் பார்த்து மனிதத் தோலோட ஒப்பிட்டாங்க. சட்டையில மூணு அடுக்கு: மேல கெட்டியான பீட்டா, அடியில ஆல்ஃபா, நடுவுல மீசோ. அந்த மீசோவுலதான் நம்ம ஸ்ட்ராட்டம் கார்னியம் மாதிரியே கொழுப்பு அடுக்கு இருக்கு. தண்ணி கசியற அளவுகூட மனிதத் தோலுக்குப் பக்கத்துல வரும். ஃப்ரீசர் வேணாம், அலமாரியில வெச்சாலே கெடாது. ஒரே சட்டையிலேருந்து பல துண்டு கிடைக்கறதால விலங்குக்கு விலங்கு மாறற தொல்லையும் குறைவு. புரதக் கசிவும் ஆட்டுக்காது அளவுக்கு இருக்காது.

குறைன்னா, முடிக்குழி கிடையாது, உயிருள்ள செல்லும் கிடையாது. தண்ணியில நல்லா கரையற மருந்தை மனிதத் தோலைவிடக் கம்மியா விடும். செதிலும் செதிலுக்கு நடுவுல இருக்கற மடிப்பும் ஒரே மாதிரி விடாது. அதனால உடம்புல எந்த இடத்துத் துண்டுன்னு குறிச்சு வெச்சு, முதுகுப்பக்கம்னா எல்லாமே முதுகுப்பக்கம்னு போகணும்.

ஆனா பண்ணையில போய்க் கேட்டு வாங்கிப் பையில போட்டுட்டு வர்ற விஷயம் இல்ல. பாம்புகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. உரிச்ச சட்டையா இருந்தாலும் வனத்துறைக்கு எழுதி, அனுமதியை எழுத்துல வாங்கிட்டுதான் தொடணும். கிண்டியானாலும் சரி, வடநெம்மேலியில விஷம் எடுக்கற இருளர் கூட்டுறவுச் சங்கமானாலும் சரி. பிஎச்.டி. பண்றவங்களுக்கு அதுக்கு நேரம் இருக்கும். ஆறு மாசத்துல தீசிஸ் குடுக்கற பொண்ணை இதுல இழுக்காதீங்க.


டேப்லெட்_தம்பி:

மேடம், நான் டயாலிசிஸ்ல எடுத்த கிராஃபுக்குக் கீழ "பெர்மியேஷன் த்ரூ ஸ்கின்"னு போட்டிருந்தேன். டிகிரியைத் திருப்பி வாங்கிடுவாங்களா? 🙏


கண்ணாடிசெல்:

டிகிரியை வாங்க மாட்டாங்க. ஆனா அதை ஜர்னலுக்கு அனுப்பற எண்ணம் இருந்தா தலைப்பை மாத்திட்டு அனுப்புங்க.


எம்ஃபார்ம்_தாம்பரம்:

மேடம், கடைசியா ஒண்ணே ஒண்ணு. புதுசா எடுக்கற டேட்டால சதவீதம் ரொம்பக் கம்மியா வந்தா, 2, 3ன்னு வந்தா, கைடு சார் ஜெல் வேலை செய்யலன்னு நினைச்சுடுவாரே. ஹிகுச்சி வேற போடச் சொல்லியிருக்கார்.


கண்ணாடிசெல்:

சதவீதத்தையே படத்துலேருந்து எடுத்துடுங்க. ஒய் அச்சுல சதுர செ.மீ.க்கு எத்தனை மைக்ரோகிராம் போச்சு, எக்ஸ் அச்சுல மணி நேரம். முதல்ல வளைஞ்சு, அப்புறம் நேர்க்கோடாகும். அந்த நேர்ப்பகுதியோட சாய்வுதான் ஃப்ளக்ஸ், அதாவது மருந்து போற வேகம். அதையே பின்னாடி நீட்டினா எக்ஸ் அச்சை எங்க தொடுதோ அது லேக் டைம், அதாவது தாமத நேரம். ஃப்ளக்ஸை ஜெல்லுல இருக்கற செறிவால வகுத்தா பெர்மியபிலிட்டி எண். ஒவ்வொரு தடவையும் எடுத்த 1 மி.லி.ல போன மருந்தையும் திரும்பக் கூட்டிக்கணும், அந்தத் திருத்தம் இல்லாத டேட்டாவை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. 24 மணி முடிஞ்சதும் தோல் மேல மிச்சம் இருக்கற ஜெல்லை வழிச்சு அளங்க, தோலை நறுக்கி மெத்தனால்ல ஊறவெச்சு அதையும் அளங்க. மூணையும் கூட்டினா வெச்ச மருந்துக்குக் கிட்ட வரணும். வலி ஜெல்லுக்குத் தோலுக்குள்ள எவ்வளவு தங்கிச்சுங்கறதுதான் சாருக்கும் ருசியான எண்ணா இருக்கும்.

ஹிகுச்சி 1961ல குடுத்த சமன்பாடு களிம்புலேருந்து மருந்து வெளியில வர்றதுக்கு, நேரத்தோட வர்க்கமூலத்துக்கு எதிரா நேர்க்கோடு. தம்பி பண்ணின டயாலிசிஸ் ஸ்டடிக்கு அது பொருந்தும். நீங்களும் ஒரு அத்தியாயம் டயாலிசிஸ்ல ரிலீஸ் எடுத்து அதுக்கு ஹிகுச்சி போடுங்க, சார் சொன்னதும் நடந்த மாதிரி ஆச்சு. அடுத்த அத்தியாயம் வாட்டாத காது, ஃப்ளக்ஸ், கடை ஜெல்லோட விகிதம். உங்க ஜெல் 3, கடை ஜெல் 2ன்னு வந்தா ஒண்ணரை மடங்குன்னு எழுதுங்க, பக்கத்துல எத்தனை ஜோடிக் காது, எவ்வளவு ஏற்ற இறக்கம்னு போடுங்க. "ஆட்டுக் காதுத் தோலில்"ங்கற மூணு வார்த்தை முடிவுரையிலயும் விடாம இருக்கட்டும்.

தலை வியாபாரிகிட்ட முதல் நாளே சொல்லி வெச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, அன்னிக்கு இருக்கற கூட்டத்துல ஜோடிக் காதுக்கெல்லாம் யாரும் நின்னு பேச மாட்டாங்க.